பாலமும் கரையும்: பழங்குடிக் குழந்தைகளின் கல்விமொழி குறித்த கொள்கை உரைகள் – ஒரு திறனாய்வு

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 350அ பிரிவு, 1956ஆம் ஆண்டில் ஏழாம் திருத்தத்தின்வழிச் சேர்க்கப்பட்டதாகும். மொழிச் சிறுபான்மைக் குழுக்களைச் சார்ந்த குழந்தைகள் தொடக்கக் கல்வி நிலையில் தாய்மொழிவழிப் பயிலுதற்குப் போதிய வசதிகளை அமைத்துத்தர ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் முயலவேண்டும் என்பது இப்பிரிவின் சாரம். இலக்கிய மாணவர் ஒரு செய்யுளைப் படிப்பதுபோல இத்தொடரைப் படித்தால், அதன் முற்றுவினை கொடுத்தலைக் குறிக்காமல் முயலுதலைக் குறிப்பது கண்ணில்படும். முயன்றும் இயலவில்லை என்று ஒரு மாநிலம் கூறுமாயின் அம்மாநிலம் விதியை மீறியதாகாது. 'போதிய' என்னும் அடைக்கும் அளவு கூறப்படவில்லை. மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் வழங்கக் குடியரசுத் தலைவருக்கு இப்பிரிவு அதிகாரம் அளிக்கிறது என்பது உண்மையே. ஆயினும் அவ்வதிகாரமும் 'வேண்டுமெனக் கருதினால்' என்ற கட்டுக்குள் நிற்கிறது.

சட்ட மொழியின் இந்தத் தயக்கத்தை ஆட்சியாளரின் கபடமாகக் கொள்ளுதல் எளிது. அது சரியான வாசிப்பாகாது. மொழிவாரி மாநிலச் சீரமைப்பு நிகழ்ந்த சூழலில் எழுதப்பட்ட பிரிவு இது. அதன் ஆசிரியர்தம் மனக்கண் முன் நின்ற சிறுபான்மையர், எல்லைக்கோடு மாறியதால் அயல் மாநிலத்தில் தங்கிவிட்ட தெலுங்கரும் தமிழரும் கன்னடரும் மராத்தியருமே. அவர்தம் மொழிக்கு வேறோரிடத்தில் ஒரு மாநிலம் இருந்தது. பாடநூலும் ஆசிரியப் பயிற்சி நிறுவனமும் பல்கலைக்கழகத் துறையும் இருந்தன. 1949ஆம் ஆண்டு மாகாணக் கல்வி அமைச்சர்கள் மாநாடு வகுத்த வரையறையும் இத்தகையோரை எண்ணியே எழுந்தது. ஒரு பள்ளியில் 40 மாணவர், அல்லது ஒரு வகுப்பில் 10 மாணவர் இருப்பின் அவர்தம் தாய்மொழிவழிக் கல்விக்கு ஏற்பாடு செய்தல் வேண்டும் என்பது அவ்வரையறை. பாலக்காட்டுத் தமிழ்க் குழந்தைக்கோ பெங்களூருத் தெலுங்குக் குழந்தைக்கோ இது பொருந்தும். கந்தமால் மலையின் கூய் பேசும் குழந்தைக்கு எப்படிப் பொருந்தும்? அங்கே வகுப்பில் 10 பேருக்கு மேலேயே இருப்பர். சில ஊர்களில் வகுப்பு முழுதும் கூய் பேசுவோராகவே அமையும். இல்லாதவை பாடநூலும் ஆசிரியருமே. எங்கிருந்தேனும் தருவித்துக்கொள்ள அம்மொழிக்கு வேறொரு மாநிலமும் இல்லை.

எனவே பழங்குடி மொழிகளின் கல்விச் சிக்கல் 'சிறுபான்மை' என்னும் எண்ணிக்கைச் சொல்லுக்குள் அடங்குவதன்று. தன் வட்டாரத்தில் பெரும்பான்மையாய் இருந்தும் பள்ளி வாயிலில் சிறுபான்மையாய் மாறுதல் என்பதே இம்மொழிகளின் நிலை.

பெயரிடலும் அடக்கலும்

தாய்மொழிவழிக் கல்வி பற்றிப் பேசுமுன் எது தாய்மொழி என்பதை அரசு எவ்வாறு கணிக்கிறது என நோக்குதல் தகும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தம் தாய்மொழியாகக் கூறிய பெயர்கள் 19,500க்கும் மேற்பட்டன. ஆய்ந்து ஒழுங்குபடுத்தியபின் அவை 1,369 தாய்மொழிகளாயின. 10,000 பேரும் அதற்கு மேலும் பேசுவன எனக் கொண்டு தொகுத்தபோது 121 மொழிகளாயின. அவற்றுள் எட்டாம் அட்டவணையில் இடம்பெற்றவை 22; ஏனைய 99. ஒவ்வொரு படியிலும் ஏதோ ஒரு பேச்சுவழக்கு வேறொன்றன்கீழ் அடங்குகிறது. இந்தி என்னும் தலைப்பின்கீழ் 50க்கும் மேற்பட்ட தாய்மொழிகள் வைக்கப்பட்டுள்ளன. போஜ்புரியும் சத்தீஸ்கரியும் சாத்ரியும் மட்டுமன்றித் தென்னாட்டுத் தாண்டாக்களில் வழங்கும் லம்பாடியும் அதனுள் அடக்கம். இந்தியின் பேரெண்ணிக்கை இவ்வாறு ஆக்கப்பட்டது எனத் தமிழறிஞர் பலர் சுட்டியுள்ளனர். அச்சுட்டு சரியே. எனினும் அதே அட்டவணையில் தமிழ் என்னும் தலைப்பின்கீழ் இருளர் மொழியும் கைக்காடியும் எருகலாவும் வைக்கப்பட்டிருப்பதையும், கன்னடத்தின்கீழ்ப் படகா வைக்கப்பட்டிருப்பதையும் அவர்கள் அவ்வளவாகச் சுட்டியதில்லை. 10,000 என்னும் வரம்பை எட்டாத தோடாவும் கோத்தாவும் 121இல் தனிப்பெயர் பெறவேயில்லை.

எட்டாம் அட்டவணை மேலும் ஒரு வேலியை எழுப்புகிறது. 2011 கணக்கெடுப்பின்படிப் பீலி பேசுவோர் 1 கோடியே 4 இலட்சம். கோண்டி பேசுவோர் ஏறத்தாழ 29.8 இலட்சம், குரூக் பேசுவோர் ஏறத்தாழ 19.9 இலட்சம். இம்மூன்றும் அட்டவணைக்கு வெளியே நிற்பவை. 24,821 பேர் தாய்மொழியாகக் கூறிய சமற்கிருதம் அட்டவணைக்குள் நிற்பது. சமற்கிருதத்தின் இலக்கியப் பெருமையைக் குறைத்து மதிப்பிடுதற்கு இவ்வொப்பீடு கூறப்படவில்லை. குழந்தை கற்கும் மொழி எது எனத் தீர்மானிக்கும் அளவுகோலாக இவ்வட்டவணை கையாளப்படும்போது விளைவது யாது என்பதே வினா. நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2023 சூலையில் தன் பள்ளிகள் இந்திய மொழிகளைப் பயிற்றுமொழியாகக் கொள்வது பற்றிக் கருதலாம் என அறிவித்தபோது, அட்டவணையின் 22 மொழிகளையே அளவாகக் கொண்டது. ஆட்சிமொழிச் சிக்கலுக்காகப் பிறந்த ஒரு பட்டியல் வகுப்பறையின் பட்டியலாகிவிட்டது.

திருந்தியவும் திருந்தாதவும்

இப்படிநிலை டெல்லியில் மட்டும் உருவானதன்று. தமிழியல் தன் பிறப்பிலேயே இதனை உடன்கொண்டு வந்துள்ளது. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் திராவிட மொழிகளைத் திருந்தியவை, திருந்தாதவை என இரு கூறாக்கினார். தோடா, கோத்தா, கோண்டு, கோண்டர் பேசும் கூ ஆகியவை இரண்டாம் கூறில் வைக்கப்பட்டன. 1875ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பில் ஓராவோனும் இராசமகாலும் அவற்றோடு சேர்ந்தன. எழுத்தும் இலக்கியமும் உடையன, அவை இல்லாதன என்ற வேறுபாட்டையே அவர் குறித்தார் என அமைதி கூறலாம். இம்மொழிகளைத் திராவிடக் குடும்பத்தின் உறுப்பினர்களாக உலகறியச் செய்த பெருமையும் அவருடையதே. ஆயின் தமிழ்த்துறைப் பாடநூல்கள் ஒன்றரை நூற்றாண்டாக அவ்விரு சொற்களை ஏறக்குறைய அப்படியே வழங்கிவருகின்றன. தேர்வுத்தாளில் 'திருந்தா மொழிகள் யாவை' என்னும் வினா இன்றும் வியப்பூட்டுவதில்லை. பேசும் மக்களைப் பற்றிய தீர்ப்பு அச்சொல்லுக்குள் ஒளிந்திருப்பதைக் கவனித்தோர் சிலரே.

ஒரு சான்றின்வழி இதனை விரித்து நோக்கலாம். சார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் மேற்கு வங்கத்திலும் ஒடிசாவிலும் வாழும் ஓராவோன் மக்களின் மொழி குரூக். அம்மொழியில் தன்மைப் பன்மைக்கு இரு வடிவங்கள் உள. கேட்போனை விலக்கிக் கூறுவது 'ஏம்'. கேட்போனையும் உளப்படுத்திக் கூறுவது 'நாம்'. தொல்காப்பியம் பயின்றோர்க்கு யாம், நாம் என்னும் இரண்டும் உடனே நினைவிற்கு வரும். இற்றைத் தமிழர் 'நாங்கள்', 'நாம்' என வேறுபடுத்துவதும் அதுவே. ராஞ்சியை அடுத்த ஒரு சிற்றூரில் ஆறு வயதில் பள்ளி புகும் ஓராவோன் குழந்தைக்கு ஆசிரியர் கற்பிக்கும் இந்தியில் இவ்விரண்டுக்கும் ஒரே 'ஹம்' தான். அக்குழந்தை தன் மொழியில் பிழையின்றிக் கையாளும் ஒரு நுண்ணிய வேறுபாட்டைப் பள்ளி அறியாது. அறியாததால் அதனை அறிவாகக் கணக்கிடுவதுமில்லை.

பால் பகுப்பில் இடர் மேலும் மிகும். குரூக் மொழி ஒருமையில் ஆண்பாலை ஒருபுறமும் ஏனைய அனைத்தையும் மறுபுறமும் வைக்கிறது. பன்மையில் மக்களையும் மக்களல்லாதனவற்றையும் பிரிக்கிறது. திணைப் பாகுபாட்டில் தோய்ந்த தமிழ் மாணவர்க்கு இது அயலாகத் தோன்றாது. இந்தியோ உயிரற்ற பொருள் ஒவ்வொன்றையும் ஆண்பால் அல்லது பெண்பால் ஆக்கி, அதற்கேற்ப வினையையும் அடையையும் மாற்றுகிறது. ஓராவோன் குழந்தை இந்தியில் செய்யும் பால்வழு, தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் இந்தி கற்கையில் செய்யும் அதே பால்வழுவாகும். பின்னவர் செய்தால் அது அயல்மொழி கற்போரின் இயல்பான தடுமாற்றம். முன்னவர் செய்தால் 'பழங்குடிப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்பதற்குச் சான்று. ஒரே பிழை இருவேறு தீர்ப்புகளைப் பெறுவதற்குக் காரணம், இந்தி முதற்குழந்தைக்கு அயல்மொழி என்பதைக் கல்வித்துறை ஏற்காமையே. சார்க்கண்ட் அரசு 2011இல் குரூக்கை இரண்டாம் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக அறிவித்தது. மருத்துவரான நாராயண் ஓராவோன் அம்மொழிக்குத் தோலோங் சிகி என்னும் எழுத்துமுறையை ஆக்கி அளித்தார். ஆயினும் தொடக்க வகுப்பின் நடைமுறை மொழி பெரும்பாலும் இந்தியாகவே நீடிக்கிறது.

பாலம் என்னும் உருவகம்

தாய்மொழியைத் தொடக்க வகுப்பில் கொணர்ந்த முயற்சிகள் இல்லாமல் இல்லை. பிரிவுறாத ஆந்திரப் பிரதேசம் 2003–04 அளவில் கோண்டி, கோயா, கோலாமி, கூவி, கொண்டா, சவரா, ஆதிவாசி ஒடியா, பஞ்சாரா ஆகிய எட்டு மொழிகளில் பன்மொழிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது. ஒடிசா 2006–07இல் பத்து மொழிகளில் தொடங்கிப் பின்னர் 21 மொழிகளுக்கு விரித்தது. சந்தாலிக்கு ஓல் சிக்கியும் ஏனைய மொழிகளுக்கு ஒடியா எழுத்தும் கொள்ளப்பட்டன. ஊர்ப் பெரியவர், கதை சொல்வோர், அம்மொழி பேசும் ஆசிரியர் ஆகியோரைக் கூட்டி, அறுவடை, சந்தை, காடு, திருவிழா என்னும் வாழ்வுக் களங்களைச் சுற்றிப் பாடங்கள் அமைக்கப்பட்டன. இந்தியப் பாடநூல் வரலாற்றில் இது சிறு நிகழ்ச்சியன்று. பாடநூல் ஆசிரியராகப் பழங்குடியினர் அமர்ந்தது அதுவரை அரிதாயிருந்தது.

இத்திட்டங்களின் ஆவணங்களிலும் கட்டுரைகளிலும் மீளமீள வரும் உருவகம் ஒன்று உண்டு, அது 'பாலம்'. தாய்மொழி என்பது வீட்டிலிருந்து பள்ளிக்கும், பள்ளியிலிருந்து மாநில மொழிக்கும் குழந்தையை இட்டுச்செல்லும் பாலம். கேட்பதற்கு இனிய உருவகம். ஆயின் பாலத்தின்மேல் எவரும் குடியிருப்பதில்லை. கடந்தவர் திரும்பிப் பார்ப்பதுமில்லை. கரை வேறொரு மொழி என்பதை அவ்வுருவகம் முன்னரே முடிவு செய்துவிட்டது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை இதனை ஒளிவின்றியே கூறியது: தொடக்க நிலையில் பழங்குடி மொழிகளில் பாடத்திட்டமும் பாடக்கருவிகளும் ஆக்கவேண்டும், உடன் வட்டார மொழிக்கு மாறுதற்கு ஏற்பாடும் செய்யவேண்டும். முதல் இரண்டு மூன்று வகுப்புகளுக்குப்பின் தாய்மொழி ஒதுங்கி மாநில மொழி அரங்கேறும் 'விரைந்து வெளியேறும்' முறையே நடைமுறையாயிற்று. எழுத்தறிவு வேர்கொள்ளும் பருவத்தில் செடியைப் பிடுங்கி நடும் இம்முறையால் இரு மொழியிலும் தேர்ச்சி குறையும் என்பதைப் பன்மொழிக் கல்வி ஆய்வாளர் பலரும் வலியுறுத்தி வருகின்றனர். மைசூர் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் தொடக்ககால இயக்குநரான தே. பி. பட்நாயக் 1981ஆம் ஆண்டு நூலிலேயே பன்மொழியமும் தாய்மொழிக் கல்வியும் ஒன்றுக்கொன்று துணை என்னும் கருத்தை நிறுவினார். அஜித் மொகந்தி புல்பானிப் பகுதிக் கோண்டர் குழந்தைகளிடையே நடத்திய ஆய்வுகள் இங்கு இன்றியமையாதன. கூய் மொழியையும் ஒடியாவையும் ஒருங்கே பேசிய குழந்தைகள், கூய் மறைந்து ஒடியா மட்டும் பேசிய அதே இனக் குழந்தைகளைவிட அறிதிறன் தேர்வுகளில் மேம்பட்டு நின்றனர் என அவர் கண்டார். தாய்மொழியை விட்டால் முன்னேற்றம் விரையும் என்னும் நம்பிக்கைக்கு இம்முடிவு நேர் எதிரானது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பயிற்றுமொழி இயன்றவரை தாய்மொழியாக அமையவேண்டும் என்றது. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை இயலுமிடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையேனும், விரும்பத்தக்க நிலையில் எட்டாம் வகுப்பு வரையிலும் என நீட்டியது. கால அளவில் இது முன்னேற்றமே, மறுத்தற்கில்லை. ஆனால் வீட்டுமொழி, தாய்மொழி, உள்ளூர் மொழி, வட்டார மொழி என நான்கு சொற்களை அக்கொள்கை சாய்கோடிட்டு அடுக்குவது கூர்ந்து நோக்கத்தக்கது. சென்னைத் தமிழ்க் குழந்தைக்கு இந்நான்கும் ஒன்றே. கோராபுட்டின் கூவிக் குழந்தைக்கோ முதல் இரண்டும் கூவி. கடைசி ஒன்று ஒடியா. மூன்றாவது ஊருக்கு ஊர் மாறும். சாய்கோட்டின் எப்பக்கத்தை எடுத்துக்கொண்டாலும் மாநிலம் கொள்கையைப் பின்பற்றியதாகவே கொள்ளப்படும். ஒடியாவிலேயே கற்பித்துவிட்டுக் கொள்கை நிறைவேறியது என அறிக்கை எழுதவும் இடமுண்டு. 1956இன் 'முயலுதல்' 2020இல் நிறுத்தற்குறியாய் வடிவெடுத்தது எனலாம்.

எழுத்தும் இயக்கமும்

எந்த மொழிகள் பள்ளிக்குள் நிலைத்தன என ஆராயின், கொள்கையைவிட இயக்கமே அதற்குக் காரணமாயிருத்தல் புலப்படும். போடோ சாகித்திய சபை 1952இல் தோன்றியது. 1963இல் போடோ தொடக்கக் கல்வியில் பயிற்றுமொழியாயிற்று. எழுத்துமுறை பற்றிய கிளர்ச்சியில் உயிரிழப்புகள் நேர்ந்தபின் 1975இல் தேவநாகரி ஏற்கப்பட்டது. 2003இல் 92ஆம் திருத்தத்தால் போடோவும் சந்தாலியும் எட்டாம் அட்டவணை ஏறின. சந்தாலிக்குப் பண்டித ரகுநாத் முர்மு 1925இல் ஆக்கிய ஓல் சிக்கி இருந்தது. அது வெறும் எழுத்தாக நில்லாமல் மக்கள் இயக்கத்தின் கொடியாயிற்று. இருந்தும் ஒரே மொழி ஒரு மாநிலத்தில் ஓல் சிக்கியிலும், பிறவிடங்களில் தேவநாகரி, வங்காள, உரோமன் எழுத்துகளிலும் வழங்கிவந்ததால் ஒரு மாநிலத்தின் பாடநூல் மற்றொன்றில் பயன்படாத நிலை ஏற்பட்டது.

கோண்டியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், மகாராட்டிரம், தெலங்கானா, ஆந்திரம், ஒடிசா எனச் சிதறிய அம்மொழியினர் ஓரிடத்தில் இந்தியையும் ஓரிடத்தில் மராத்தியையும் ஓரிடத்தில் தெலுங்கையும் பள்ளிமொழியாகக் கொள்கின்றனர். மசராம், குஞ்சாலா என இரு தனி எழுத்துமுறைகள் இருந்தும் பொதுப் பாடநூல் உருவாகவில்லை. 2014இல் மாநிலம் பிரிந்தபோது ஆதிலாபாத்தின் கோண்டியும் கோலாமியும் தெலங்கானாவின் பொறுப்பாயின. ஒரு திட்டத்தின் மொழிகளே இரு அரசுகளிடையே பகிரப்பட்டன.

எதிர்வாதங்கள்

தாய்மொழிக் கல்விக்கு எதிராகக் கூறப்படுவனவற்றுள் இரண்டு விடையளிக்கத் தக்கன. ஒரே வகுப்பில் முண்டாரி, குரூக், கடியா, சாத்ரி பேசுவோர் கலந்திருப்பின் எம்மொழியில் கற்பிப்பது என்பது முதலாவது. இது உண்மையான இடர்ப்பாடு. சாத்ரியை இணைப்புமொழியாகக் கொள்ளலாம் என்னும் விடை, பெரிய மீன் சிறிய மீனை விழுங்கும் கதையை ஒருபடி கீழிறக்குவதாகவே முடியும். ஆசிரியர் ஒருவர் பல மொழிகளையும் வகுப்பில் புழங்கவிடும் முறை சில இடங்களில் பயன் தந்துள்ளது. எல்லா இடங்களுக்கும் அது விடையாகும் எனக் கூறுதல் மிகை.

பெற்றோர் ஆங்கிலத்தையே விரும்புகின்றனர் என்பது இரண்டாவது. கருநாடக அரசின் வழக்கில் 2014 மே மாதம் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு, தாய்மொழிவழிக் கல்வியை அரசு கட்டாயமாகத் திணித்தல் ஆகாது என்றும், குழந்தையின் தாய்மொழி எது என்பதைப் பெற்றோரே முடிவுசெய்வர் என்றும் தீர்ப்பளித்தது. ஆங்கிலத்தை விரும்பும் பழங்குடிப் பெற்றோரைத் தம் மொழியை மறந்தவர் எனப் பழித்தல் நகரத்தாரின் ஆணவம்; அப்படிப் பழிப்போர் பலரின் பிள்ளைகளும் ஆங்கிலவழியே பயில்கின்றனர். ஆனால் பெற்றோர்முன் வைக்கப்பட்ட தெரிவு எது? மாநில மொழியா, ஆங்கிலமா என்பதே. இரண்டுமே அயல்மொழி ஆகுமிடத்துக் கூடுதல் மதிப்புள்ள அயல்மொழியை அவர்கள் தேர்கின்றனர். எட்டாம் வகுப்பு வரை தாய்மொழியும், உடன் நன்கு கற்பிக்கப்பட்ட ஆங்கிலமும் என்னும் மூன்றாவது தெரிவு பெரும்பாலான பழங்குடிப் பெற்றோர்முன் வைக்கப்பட்டதேயில்லை.

2024 மார்ச்சில் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழுவும் மைசூர் நிறுவனமும் இணைந்து உருவாக்கிய 52 தொடக்க நூல்கள் வெளியிடப்பட்டன. எழுத்து கற்பிக்கும் முதல்நூல் கிடைத்தமை மகிழ்ச்சிக்குரியது. முதல்நூலுக்குப் பின் அக்குழந்தை அம்மொழியில் படிப்பதற்கு என்ன இருக்கிறது என்னும் வினாவுக்கு அவ்வெளியீடு விடை கூறவில்லை.

இவ்விடத்தில் தமிழ்த்துறைகள் விலகி நின்று பார்ப்போராக அமைதல் இயலாது. 1968ஆம் ஆண்டின் இருமொழிக் கொள்கை இந்தி மேலாண்மைக்கு எதிரான அரணாக நின்றது. அவ்வரணின் தேவை இன்றும் தீரவில்லை. அரணுக்குள் வாழ்வோர் அனைவர்க்கும் தமிழே தாய்மொழி என்னும் எடுகோளும் உடன் நிலைத்துவிட்டது. நீலகிரியின் தோடாவையும் கோத்தாவையும் எமனோ பல்லாண்டு ஆராய்ந்தார். கோத்தா மொழி உரைகள் 1940களிலும் தோடாப் பாடல்கள் 1971இலும் நூலாயின. அவை திராவிட மொழியியலின் மணிமுடியாக மதிக்கப்படுகின்றன. அப்பாடல்களுக்குரிய மக்களின் பிள்ளைகள் பள்ளியில் பயில்வது தமிழிலோ ஆங்கிலத்திலோதான். ஒலியன் மாற்றங்களுக்குச் சான்றாக அம்மொழிகளை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் உள்ள அளவுக்கு, அம்மொழிகளில் ஒரு மூன்றாம் வகுப்புப் பாடநூல் எழுதுவது எப்படி என ஆராயும் ஆய்வேடுகள் தமிழ்த்துறைகளில் எழவில்லை. மொழியியல் பயிற்சியும் பாடநூல் அனுபவமும் களப்பணி மரபும் ஒருங்கே உடைய துறைகளுக்கு அது இயலாத பணியன்று.

நீலகிரிச் சரிவின் இருளர் ஊர்ப் பள்ளி ஒன்றில் தமிழே பயிற்றுமொழி. கணக்கெடுப்பின் மொழிப்பட்டியலிலோ இருளர் மொழி தமிழ் என்னும் தலைப்பின்கீழ் அடங்குகிறது. அப்பட்டியலை வைத்துப் பார்க்கும் அலுவலர்க்கு, அப்பள்ளியின் குழந்தை ஏற்கெனவே தன் தாய்மொழியில்தான் கற்றுக்கொண்டிருக்கிறது.